பிரிக்காத மாப்பு

பாஞ்சாலியின் வலது முட்டி பேச ஆரம்பித்து ஒரு வருஷம் ஆகியிருந்தது. உட்காரும்போது பேசாது. எழும்போதுதான் ‘கடக்’ என்று ஒரு சத்தம், காய்ந்த விறகை ஒடித்ததுபோல. வலியைப் பல்லைக் கடித்து விழுங்கிவிடலாம். சத்தத்தை எப்படி விழுங்குவது? அதனால் இருமினாள். தரை துடைத்து முடித்து எழும் நேரத்துக்குச் சரியாக ‘லொக் லொக்’ என்று இருமினால், முட்டியின் சத்தம் அதற்குள் அமுங்கிவிடும்.

அவளை இப்படி இரும வைத்தது அல்போன்சாவின் கதை. அடுகோடிப் பகுதியில் பாஞ்சாலி வீட்டுவேலை செய்யும் அதே அடுக்குமாடியில், மூன்றாம் மாடி ஜெயலட்சுமி வீட்டில் வேலை பார்த்தவள் அல்போன்சா. ஒருநாள் வாய்தவறி, “முட்டி வலிக்குதும்மா” என்று சொல்லிவிட்டாள். ஜெயலட்சுமி உருகிப்போனாள். தைல டப்பா ஒன்றைக் கையில் கொடுத்து, “நல்லா ரெஸ்ட் எடுத்துட்டு வா” என்று அனுப்பினாள். ரெஸ்ட் எடுத்துவிட்டுத் திரும்பி வந்தபோது அந்தத் தரையை வேறொருத்தி துடைத்துக்கொண்டிருந்தாள். தைல டப்பாவை மட்டும் யாரும் திருப்பிக் கேட்கவில்லை.

பாஞ்சாலியின் புருஷன் பச்சைமுத்து சிமெண்ட் மூட்டை தூக்கித் தூக்கி இடுப்பைத் தொலைத்தவன். ஆஸ்டின் டவுன் வீட்டில் அடுப்பு எரிவது அவள் முட்டியை நம்பித்தான். முட்டி போனால் வீடுகள் போகும். இது அவளுக்குத் தெரியும். வேறு யாருக்கும் தெரியக்கூடாது என்பதுதான் அவள் கவலை.

அவள் அதிக நேரம் வேலை செய்தது இரண்டாம் மாடி சௌம்யா வீட்டில். சௌம்யாவுக்குக் கரூர். புருஷன் கணேசமூர்த்திக்குக் கம்ப்யூட்டர் கம்பெனி வேலை. அந்த வீட்டில் எந்தப் பொருளும் தன் சொந்த உடம்போடு இருந்ததில்லை. சோபா பிளாஸ்டிக் உறைக்குள் இருந்தது. டீவி ரிமோட் பிளாஸ்டிக் உறைக்குள் இருந்தது. பிரிட்ஜ் கைப்பிடிக்கு ஒரு சட்டை. விருந்தாளி உட்கார்ந்தால் சோபா நறநறவென்று சத்தம் போடும். எழுந்தால் உறையும் வேட்டியோடு ஒட்டிக்கொண்டு வரும். “புதுசு புதுசாவே இருக்கட்டுமே” என்பாள் சௌம்யா. அந்தச் சோபா வாங்கியது கல்யாணத்துக்கு. மகளே இப்போது ஸ்கூலுக்குப் போகிறாள்.

தரை விஷயத்திலும் அவளுக்கு ஒரு கொள்கை இருந்தது. “முட்டி போட்டுத் துடைச்சாத்தான் மூலையில இருக்கிற அழுக்கு வரும். நின்னுக்கிட்டுத் துடைக்கிறதெல்லாம் ஆபீஸ்ல.”

பாஞ்சாலியின் இருமலைக் கேட்டுக் கேட்டு அவளுக்கு நெஞ்சுச்சளி என்று சௌம்யாவே முடிவு கட்டியிருந்தாள். மாதம் தவறாமல் ஒரு இருமல் மருந்து பாட்டில் வாங்கிக் கொடுப்பாள். நல்ல மனசு. பாஞ்சாலி அதை வீட்டுக்குக் கொண்டுபோவாள். பச்சைமுத்து குடித்துவிட்டு நன்றாகத் தூங்குவான்.

தொண்ணூற்றொன்பதாம் வருஷம் ஆடி மாதம், அரண்மனை மைதானத்தில் வீட்டு உபயோகப் பொருள் கண்காட்சி போட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை சௌம்யா கிளம்பினாள்.

“நீயும் வா பாஞ்சாலி. நீதானே யூஸ் பண்ணப் போறே. பார்த்து வாங்கினாத்தான் நல்லது.”

பார்ப்பதற்கு இல்லை, பை தூக்குவதற்கு என்று பாஞ்சாலிக்குத் தெரியும். ஆனாலும் ஆட்டோவில் போகலாம், உட்கார்ந்துகொண்டு. வந்தாள்.

பெரிய தகரக் கொட்டகை. உள்ளே கல்யாண வீடும் ஏலக்கடையும் சேர்ந்த சத்தம். ஒவ்வொரு மேஜைக்கும் பின்னால் ஒருத்தன் கழுத்து நரம்பு புடைக்கக் கன்னடத்திலும் இந்தியிலும் இங்கிலீஷிலும் கத்திக்கொண்டிருந்தான். வெங்காயம் நறுக்கும்போது மாட்டிக்கொள்ள ஒரு கண்ணாடி. அதை மாட்டிய ஆள் கிணறு தோண்டி வெடி வைக்கிறவனைப்போல இருந்தான். வாழைப்பழத்தை ஒரே அமுக்கில் வில்லை வில்லையாக்கும் கருவி. பாட்டுப் பாடும் கேஸ் லைட்டர். ஜன்னல் கண்ணாடியின் இரண்டு பக்கத்தையும் ஒரே நேரத்தில் துடைக்கும் காந்தக் கட்டை. உள்பக்கக் கட்டையை நகர்த்தினால் வெளிப்பக்கக் கட்டை பின்னாலேயே போனது, புதுமாப்பிள்ளை மாதிரி. கேரட்டை ரோஜாப்பூவாகச் சீவும் ஒரு திருகாணி.

“கேரட்டை எதுக்கும்மா பூவாக்கணும்?” என்றாள் பாஞ்சாலி.

“அழகுக்கு.”

“தின்னா வயித்துக்குள்ள போய் மறுபடி கேரட்டுதானே?”

“உனக்கு எது சொன்னாலும் ஒரு பேச்சு.”

திருகாணி பைக்குள் போனது. சப்பாத்தி அமுக்கும் மின்சாரப் பெட்டி போனது. பதினோரு தகடு வைத்த காய் நறுக்கும் டப்பா போனது. ஒவ்வொன்றும் உள்ளே போகப்போக, இதையெல்லாம் பிரித்துக் கழுவித் துடைத்துத் திரும்ப மாட்டுவது யார் என்று பாஞ்சாலி மனசுக்குள் வேலையைக் கூட்டிக்கொண்டே வந்தாள். வேலையைக் குறைக்கும் சாமான் ஒவ்வொன்றும் அவளுக்குக் கால்மணி நேரம் கூட்டியது.

அப்போதுதான் அதைப் பார்த்தாள்.

கொட்டகை மூலையில் ஒரு சின்ன மேடை. அதன்மேல் பிரேசர் டவுனைச் சேர்ந்த டொமினிக் என்ற விற்பனைக்காரன், டையும் வியர்வையுமாக, கழுத்தில் மைக் மாட்டி நின்றிருந்தான். கையில் ஆள் உயரக் குச்சி. குச்சியின் அடியில் நூல் கொத்து. பக்கத்தில் ஒரு வாளி. நூலை வாளியில் முக்கினான், ஒரு காலால் மிதியை அமுக்கினான், தண்ணீர் பிழிந்துகொண்டது. பிறகு நின்றபடியே, கையை வீசிக்கொண்டு, ஊஞ்சலாட்டுவதுபோலத் தரையைத் துடைத்தான். குனியவில்லை. உட்காரவில்லை. முட்டி மடங்கவே இல்லை.

பாஞ்சாலி பையைத் தூக்கியபடியே நின்று பார்த்தாள். கல்யாணத்துக்குப் பெண் பார்க்க வந்த பச்சைமுத்துவைக்கூட அவள் இப்படிப் பார்த்ததில்லை.

இதை எப்படி வாங்க வைப்பது? வேணும் என்று கேட்டால், ‘ஏன், முட்டிக்கு என்ன?’ என்று அடுத்த கேள்வி வரும். சௌம்யாவுக்கு ஒரு குணம் உண்டு. பாஞ்சாலி நல்லது என்று சொன்ன எதையும் வாங்கமாட்டாள், சோம்பேறித்தனம் என்பாள். மட்டம் என்று சொன்னால் கட்டாயம் வாங்குவாள். அந்தக் கணக்கில் பாஞ்சாலி உதட்டைப் பிதுக்கினாள்.

“இதெல்லாம் ஆஸ்பத்திரிக்குத்தாம்மா. வீட்டுக்கு எவ வாங்குவா?”

சௌம்யா நின்று பார்த்தாள். தலையை ஆட்டினாள்.

“கரெக்டா சொன்னே.”

நடந்தாள். அத்தனை வருஷத்தில் முதல்தடவையாக அவள் பாஞ்சாலியோடு ஒத்துப்போனாள். பாஞ்சாலிக்கு அழுகை வந்தது. பையை மாற்றிப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே ஓடினாள்.

“நானும் அப்படித்தாம்மா நினைச்சேன். ஆனா மூணாம் மாடி ஜெயலட்சுமியம்மா இதைத்தான் தேடிக்கிட்டிருக்காங்களாம். லிப்டுல பேசிக்கிட்டாங்க.”

அப்படி யாரும் பேசவில்லை. சௌம்யா சட்டென்று நின்றாள்.

“ஜெயலட்சுமியா? வாங்கிட்டாளா?”

“இன்னும் இல்லையாம்.”

சௌம்யா திரும்பினாள். வேகமாகத் திரும்பினாள்.

மேடையைச் சுற்றி இப்போது கூட்டம் கூடியிருந்தது. டொமினிக் தமிழையும் சேர்த்து நான்கு பாஷையையும் கலந்து அடித்துக்கொண்டிருந்தான். “மேடம், சார், நோடி, தேக்கோ, பாருங்க! ஒரு பக்கம் நம்ம பழைய துணி. இன்னொரு பக்கம் இந்த மாப்பு. யார் ஜெயிக்கிறாங்க பாக்கலாம். துணி போட்டுத் துடைக்க ஒரு லேடி வாங்க!”

ஒரு லேடியும் வரவில்லை. பட்டுப்புடவையும் சுடிதாருமாக வந்தவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். சௌம்யா பாஞ்சாலியின் முதுகில் கைவைத்தாள்.

“போ. நம்ம வீட்டுத் துடைப்பு எப்படின்னு காட்டு.”

மேடை ஏறினாள். டொமினிக் தரையில் கரித்தூளையும் எண்ணெயையும் கொட்டினான். பாஞ்சாலி சேலையைச் செருகிக்கொண்டு முட்டி போட்டாள். துடைத்தாள். பளிச்சென்று துடைத்தாள். பிறகு ஒரு கையை ஊன்றி எழப்பார்த்தாள்.

முட்டி வரவில்லை.

மறுபடி தம் பிடித்தாள். வரவில்லை. சிமெண்டு வைத்துப் பூசியதுபோல நின்றுவிட்டது. கூட்டம் பார்த்துக்கொண்டிருந்தது. முன்வரிசையில் சௌம்யா பார்த்துக்கொண்டிருந்தாள். பாஞ்சாலி ‘லொக் லொக்’ என்று இருமினாள். இருமல் எழுப்பிவிடுமா என்ன? டொமினிக் என்னவோ ஏதோ என்று குனிந்தான். கழுத்து மைக் நேராக அவள் முட்டிக்கு அருகில் வந்தது. அந்த நேரம் பார்த்து முட்டி வாயைத் திறந்தது.

‘கடக்!’

நான்கு மூலை ஒலிபெருக்கியிலும் கேட்டது. பக்கத்துக் கடையில் கேரட்டு சீவிக்கொண்டிருந்தவன் விரலைச் சீவிக்கொண்டான். பிறகு எல்லோரும் சிரித்துக் கைதட்டினார்கள்.

டொமினிக் பத்து வருஷமாக மேடையில் நிற்கிறவன். விழுந்த கல்லிலும் வீடு கட்டுவான். “பாத்தீங்களா! கேட்டீங்களா! இதுதான் துணி போட்டுத் துடைச்சா வர்ற சத்தம்! உங்க வீட்டு முட்டி என்ன சொல்லுது? அக்கா, எந்திரிக்க முடியலையா?”

“முடியலை” என்றாள் பாஞ்சாலி. வாய் தானாகச் சொன்னது.

“இந்தாங்க, மாப்பைப் பிடிங்க!”

குச்சியை இரண்டு கையாலும் பற்றினாள். அது தாங்கியது. கிணற்றிலிருந்து வாளி ஏறுவதுபோல மெல்ல மெல்ல எழுந்து நின்றாள். விசில் பறந்தது. ஆட்கள் மேடையை மொய்த்தார்கள். அன்று கொண்டுவந்த மாப்பு அத்தனையும் அந்த இடத்திலேயே தீர்ந்துபோனது.

பாஞ்சாலி இறங்கி வந்தாள். சௌம்யாவின் முகம் சிரிப்புக்கும் சந்தேகத்துக்கும் நடுவில் நின்றது.

“பாஞ்சாலி, நிஜம்மா எந்திரிக்க முடியலையா? இல்லே நடிச்சியா?”

அல்போன்சாவின் தைல டப்பா பாஞ்சாலியின் கண்முன் வந்தது.

“பின்னே? நடிச்சேம்மா. சும்மா ஒரு தமாஷுக்கு.”

“அடிப்பாவி! நானே பயந்துட்டேன். அடுத்த ஆளை எங்க போய்த் தேடுறதுன்னு.”

டொமினிக் டையை அவிழ்த்துக்கொண்டே ஓடிவந்தான். “அக்கா, இன்னும் ரெண்டு நாள் இருக்கு. வந்து இதே மாதிரி விழணும். சாப்பாடு, கூலி நம்மளது. மேடம், நீங்க அக்காவை அனுப்புங்க. உங்களுக்கு ஒரு மாப்பு செட்டு ஃப்ரீ.”

ஃப்ரீ என்றதும் சௌம்யாவுக்கு வீட்டுத் தரை இரண்டு நாள் அழுக்காக இருந்தாலும் பரவாயில்லை என்று ஆகிவிட்டது.

மறுநாள் பாஞ்சாலியை மேடைக்குப் பின்னால் நாற்காலி போட்டு உட்கார வைத்தார்கள். ஃபேன் போட்டார்கள். டீ வந்தது. அவள் வாழ்க்கையில் வேலை இடத்தில் நாற்காலி கிடைத்தது அன்றுதான். முதல் ஆட்டத்துக்குக் கூப்பிட்டபோது முட்டி போட்டாள், துடைத்தாள், எழுந்தாள். சத்தமும் இல்லை, சங்கடமும் இல்லை. உட்கார்ந்து இளைப்பாறிய முட்டி எண்ணெய் போட்ட கதவுபோல வந்துவிட்டது. கூட்டம் கொட்டாவி விட்டது.

“என்னக்கா இது? நேத்து என்னமா பண்ணீங்க! இன்னிக்கு ஆக்டிங் சொதப்புதே” என்றான் டொமினிக்.

“வரமாட்டேங்குது தம்பி. நான் என்ன பண்ண?”

“நேச்சுரலா விழுங்கக்கா.”

“நேத்து நேச்சுரலாத்தான் விழுந்தேன்.”

டொமினிக் யோசித்தான். பக்கத்துக் கடையில் போய் ஒரு கட்டு அப்பளம் வாங்கி வந்தான். அடுத்த ஆட்டத்தில் பாஞ்சாலி எழப்பார்த்தபோது, முதுகுக்குப் பின்னால் மைக்கிடம் ஒரு அப்பளத்தை ஒடித்தான். பாஞ்சாலி நெற்றியில் கைவைத்து, “ஐயோ!” என்றாள். நிஜ வலியில் அவள் ஒருநாளும் ஐயோ என்றதில்லை. முட்டிக்குக் கிடைத்ததைவிட அப்பளத்துக்குக் கைதட்டல் அதிகமாகக் கிடைத்தது.

இரண்டாம் நாள் ஜெயலட்சுமியும் வந்து பார்த்தாள். அவளோடு அந்த அடுக்குமாடியில் பாதிப்பேர் வந்தார்கள். அதற்குப் பிறகு பாஞ்சாலிக்குப் பேரே மாறிவிட்டது. கேட்டில் நிற்கும் வாட்ச்மேன் கோவிந்தப்பா காலையில் சல்யூட் அடித்து, “பன்னி ஹீரோயின், பன்னி” என்று வரவேற்பான். கன்னடத்தில் பன்னி என்றால் வாங்க.

நாற்காலியும் ஃபேனும் கண்காட்சியோடு போயின. முட்டிக்குப் பழைய சத்தம் திரும்ப வந்தது. ஒருநாள் சோபாவுக்குப் பக்கத்தில் எழ முடியாமல் உட்கார்ந்திருந்தாள். சௌம்யா பார்த்துச் சிரித்தாள். “ஏய், இங்கே என்ன எக்ஸிபிஷனா நடக்குது? போதும், எந்திரி.” இனிமேல் முட்டியைக் காரணம் காட்டி யாரும் அவளை அனுப்பமாட்டார்கள். அந்தப் பயம் தீர்ந்தது. முட்டி என்று ஒன்று வலிக்கிறது என்பதை நம்பவும் ஆள் இல்லை.

மாப்பு வந்துவிட்டதே என்றால், வந்தது. பிளாஸ்டிக் உறையோடு வந்தது, உறையோடே ஹாலில் நின்றது.

“ஆடியில புதுசு எதையும் தொடங்கக்கூடாது. ஆவணி பொறக்கட்டும்” என்றாள் சௌம்யா.

ஆவணி பிறந்தது. “பிள்ளையார் சதுர்த்தி கழியட்டும்.” கழிந்தது. “புரட்டாசியில மஹாளய பட்சம், கூடவே கூடாது.” அதுவும் போனது. “அவர் சொல்றார், ஆயுத பூஜைக்குப் பொட்டு வெச்சுட்டு எடுக்கலாமாம்.”

அதுவரைக்கும் தினமும் அந்த மாப்பின் பிளாஸ்டிக் உறைமேல் படிந்த தூசியை ஈரத்துணியால் துடைப்பது பாஞ்சாலியின் வேலையில் சேர்ந்தது. அடிப்பக்கத்தைத் துடைக்க முட்டி போடவேண்டும்.

ஆயுத பூஜையும் வந்தது. கணேசமூர்த்தியின் கம்ப்யூட்டர், மிக்சி, கிரைண்டர், பதினோரு தகடு டப்பா, கேரட்டுத் திருகாணி எல்லாவற்றுக்கும் சந்தனமும் குங்குமமும் வைத்தார்கள். மாப்புக்கு நெற்றி எது என்று தெரியாமல், உறைக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த குச்சியில் மூன்று இடத்தில் வைத்தார்கள். அன்றைக்கு ஆயுதத்துக்கெல்லாம் லீவு. பாஞ்சாலிக்கு மட்டும் இல்லை. தரை துடைத்துவிட்டுக் கேட்டாள்: “நாளைக்கு எடுத்துக்கலாமாம்மா?”

“குங்குமம் வெச்ச சாமானை எப்படிடி அழுக்குத் தண்ணியில முக்குறது?” என்றாள் சௌம்யா. “சாமி கோவிச்சுக்காதா?”

மறுநாள் விஜயதசமி. கொலு பார்க்க சாயங்காலம் பெண்கள் வந்தார்கள். பொம்மைப் படிக்குப் பக்கத்தில் துவாரபாலகன் மாதிரி மாப்பு நின்றது. வந்தவர்களில் ஒருத்தியின் குழந்தை பாயசக் கிண்ணத்தைத் தட்டிவிட்டது. ஹால் நடுவில் பாயசம் ஆறாக ஓடியது.

“பாஞ்சாலி!”

வாளியும் துணியுமாக வந்தாள். முட்டி போட்டாள். சேமியாவை வழித்து எடுத்தாள். கை ஊன்றினாள். எழ முடியவில்லை. இந்தத் தடவை வலதோடு இடதும் சேர்ந்துகொண்டது.

சுண்டல் மென்றுகொண்டிருந்த ஜெயலட்சுமிதான் முதலில் கண்டுபிடித்தாள். “ஏய்! அதைத்தான் பண்றா! எக்ஸிபிஷன் ஆக்டிங்!”

பெண்கள் சுண்டலை வைத்துவிட்டுத் திரும்பி உட்கார்ந்தார்கள். சோபா நறநறத்தது. கைதட்டினார்கள். சௌம்யாவுக்குப் பெருமை தாங்கவில்லை.

“எல்லாரும் பாத்துக்கங்க. எங்க வீட்டுப் பாஞ்சாலி.”

பாஞ்சாலிக்குக் கண்ணில் தண்ணீர் முட்டியது. வலியில் பயம் விட்டுப்போனது.

“நடிப்பு இல்லம்மா. நிஜமாவே எந்திரிக்க முடியலை. ஒரு வருஷமா முட்டி போச்சு.”

சிரிப்பு கூரையைத் தொட்டது.

“டயலாக்கு கூட சேத்துக்கிட்டா பாருங்க!” என்றாள் ஜெயலட்சுமி. “ஐயோ சொல்லு, ஐயோ சொல்லு!”

பாஞ்சாலி அவர்களை ஒருமுறை சுற்றிப் பார்த்தாள். நிஜத்தைச் சொல்லியாகிவிட்டது. அதுக்குக் கைதட்டல்தான் கிடைத்தது. சரி, கைதட்டல்தான் கிடைக்கும் என்றால் அதையாவது முழுசாக வாங்கவேண்டும். நெற்றியில் கைவைத்தாள்.

“ஐயோ! அம்மா, மாப்பைக் குடுங்க. அது இல்லாம ஆட்டம் முடியாது.”

“ஆமாங்க, அதைப் பிடிச்சுத்தான் எந்திரிப்பா! குடுங்க சௌம்யா!”

சௌம்யா தயங்கினாள். பத்துப் பெண்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மாப்பை எடுத்து, உறை கசங்காமல் பச்சைக் குழந்தையைத் தருவதுபோல நீட்டினாள்.

பாஞ்சாலி வாங்கினாள். உறையின் மூலையைப் பல்லில் கடித்து ஒரே இழுப்பாகக் கிழித்தாள்.

“ஏய், ஏய், ஏய்! என்ன பண்றே!”

“இன்னிக்கு விஜயதசமிம்மா. புதுசு தொடங்குறதுக்கு இதைவிட நல்ல நாள் ஏது?”

நூல் கொத்தைப் பாயசத் தண்ணீர் வாளிக்குள் முக்கினாள். குச்சியை நேராக ஊன்றினாள். ஈரக்கையில் மூன்று குங்குமப் பொட்டும் கரைந்து ஒழுகி வாளித் தண்ணீர் சிவந்தது. குச்சியைப் பிடித்து ஏறினாள். வலதுமுட்டி ‘கடக்’. இடதுமுட்டி ‘கடக்’. அவள் இருமவில்லை. ஹாலே கைதட்டியது.

நின்றபடியே துடைத்தாள். பாயசம் போன இடம், போகாத இடம், கொலுப்படி ஓரம், சோபா அடி. பெண்கள் கால்களைத் தூக்கித் தூக்கி வழிவிட்டார்கள். சௌம்யா வாயைத் திறந்தாள். அதற்குள் ஜெயலட்சுமி முந்திக்கொண்டாள்.

“அட, மூலையிலகூட நல்லாப் போகுதே! அன்னிக்கே வாங்காம விட்டுட்டேன். எனக்கும் ஒண்ணு வேணும் சௌம்யா. எங்க கிடைக்கும்?”

சௌம்யா வாயை மூடினாள். பிறகு சிரித்தாள்.

“இனி எங்கே கிடைக்கும்? நாங்க ஆடியிலேயே வாங்கிட்டோம். எங்க வீட்ல இதுலதான் துடைப்பு.”

அந்த வார்த்தை பத்துப் பேர் காதில் விழுந்தாயிற்று. இனி எடுக்க முடியாது. பாஞ்சாலி மாப்பைப் பிழிந்து பால்கனியில் வெயில் படும் இடத்தில் சாய்த்துவைத்தாள். கிழிந்த உறையை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள். மழைக்குக் கூரைக்கு ஆகும்.

வீட்டுக்குக் கிளம்பும்போது சௌம்யா சமையலறை அலமாரியைத் திறந்தாள்.

“ஒண்ணு கவனிச்சேன் பாஞ்சாலி. இன்னிக்கு நீ ஒருதடவைகூட இருமலை. அந்த மருந்து நல்லாக் கேக்குது. நடுவுல நிறுத்தக்கூடாது” என்று இன்னொரு பாட்டிலை எடுத்துக் கொடுத்தாள்.

பாஞ்சாலி வாங்கிக்கொண்டாள். அன்றைக்கும் பச்சைமுத்துவுக்கு நல்ல தூக்கம்.